பால் புரையேறி இறந்தது என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி ஒரு செய்தி வருகிறது. ஊர் மாறும், தகப்பன் பெயர் மாறும், மற்றபடி ஒரே மாதிரிதான். பிறந்து சில நாளே ஆன குழந்தை, இரவு தாய்ப்பால் குடித்துவிட்டுத் தூங்கியது, விடியற்காலையில் அசைவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஏற்கெனவே இறந்துவிட்டதாக டாக்டர் சொன்னார், பால் புரையேறி இறந்திருக்கலாம் எனக் கூறப்படுகிறது, போலீசார் விசாரிக்கிறார்கள். அதோடு செய்தி முடிந்துவிடும். நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதைப் படிக்கும்போதெல்லாம் மிச்சச் செய்தி எங்கே என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். பிறந்தபோது எடை எவ்வளவு? எத்தனையாவது வாரத்தில் பிறந்தது? தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது பிரசவம், மூத்ததற்கும் இதற்கும் எத்தனை மாத இடைவெளி? கடைசி இரண்டு மூன்று நாள் குழந்தை நன்றாகச் சப்பிக் குடித்ததா? ஒன்றுகூட இருக்காது. ஆனால் அந்தக் குழந்தை ஏன் போனது என்பதற்கான பதில் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது.

முதலில் இந்தப் புரையேறுகிற கதையைப் பார்த்துவிடலாம். புரையேறிக் குழந்தை இறக்கவே இறக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரத்தத்தில் கிருமித் தொற்று ஏறிய பச்சிளங்குழந்தை முதலில் செய்வது பால் குடிப்பதைக் குறைப்பதுதான். பெரியவர்கள் மாதிரி அதற்குக் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்பதில்லை, பல சமயம் உடம்பு சில்லென்று ஆகிவிடும், துவண்டு போகும், அழுகை குறையும், "பாப்பா ரொம்ப சாது, தூங்கிக்கிட்டே இருக்குது" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உடம்பில் தெம்பில்லாத அந்தக் குழந்தைக்கு வாயில் வைத்த பால் உள்ளே போகாது, வெளியே வழியும். காலையில் பார்த்தால் வாயோரம் பால். உடனே புரையேறிவிட்டது என்று முடிவாகிவிடும். எடை குறைந்து, மாதம் முழுக்க ஆகாமல் பிறந்த குழந்தைக்கும் இதே கதிதான், அதற்குச் சப்பவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒரே நேரத்தில் வராது. பிறகு என்ன நடக்கும் தெரியுமா, அந்தத் தாய் ஆயுசுக்கும் "பால் கொடுக்கத் தெரியாமல் பிள்ளையைக் கொன்றவள்" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு இருப்பாள். அந்தப் பேச்சுக்கு உங்கள் பேப்பரும் சாட்சி சொல்லிவிடுகிறது.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது தமிழ்நாடே தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அது சரிதான், அப்படித்தான் பதற வேண்டும். ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் 2020-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் 13, அதாவது உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 13 பேர் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. அப்போது வருஷத்துக்குச் சுமார் 9 லட்சம் குழந்தை பிறந்த மாநிலம் இது. அப்படியானால் ஒரு நாளைக்கு முப்பது குழந்தைக்கு மேல். அந்த ஆழ்துளைக் கிணற்றை நாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலும் இது நடந்துகொண்டேதான் இருந்தது, கேமரா இல்லை, அவ்வளவுதான்.

இந்த 13-ஐச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம், அதில் நியாயமும் உண்டு. அதே 2020-இல் நாடு முழுக்க 28, மத்தியப் பிரதேசத்தில் 43, உத்தரப் பிரதேசத்தில் 38. 1971-இல் இந்தியாவின் கணக்கு 129 என்பதை நினைத்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று புரியும். ஆனால் பக்கத்தில் கேரளாவில் 6. உத்தரப் பிரதேசத்தைப் பார்த்து மார் தட்டுகிறவர்கள் பாலக்காட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. 13-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கிற 7 என்பது நம் பிறப்புக் கணக்கில் வருஷத்துக்கு ஆறாயிரம் குழந்தைகளுக்கு மேல். மருத்துவத்தால் காப்பாற்ற முடியும் என்று பக்கத்து மாநிலம் காட்டிவிட்ட ஆறாயிரம் பேர்.

"எல்லாரும்தான் ஆஸ்பத்திரியில் பெத்துக்கறாங்களே, அப்புறம் ஏன் சாகுது" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதுதான் எங்கள் கனவு, ஊர் ஊராகப் போய்க் கெஞ்சியிருக்கிறோம், இருபத்து நாலு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையமும் 108-ம் வந்த பிறகு அது நடந்துவிட்டது. ஆனால் நாம் 13 என்று சொல்கிறோமே, அதில் 9 பேர் பிறந்து 28 நாளுக்குள் போகிறவர்கள். அந்த 28 நாளிலும் பெரும்பங்கு முதல் ஒரு வாரத்துக்குள். இந்தக் குழந்தைகளின் ஆபத்தில் பாதி பிரசவ அறைக்குள் நுழைவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது, மீதி அங்கிருந்து வீட்டுக்குப் போன பிறகு நடக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலும் இன்குபேட்டர் என்கிற கண்ணாடிப் பெட்டியும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரத்துக்குத்தான்.

முன்னால் தீர்மானமாவது என்றால், தாயின் வயது, ரத்தம், இடைவெளி. அதே கணக்கெடுப்பில் நம் மாநிலத்துக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதாவது கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர். ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், எட்டு, ஏழு என்று குறைந்து இருக்கிற பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் வாயைக் கசக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பரணில் போட்டுவிடுவாள், அயர்ன் சுக்ரோஸ் என்கிற இரும்புச்சத்து ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போகும் என்பாள். பிள்ளை இரண்டு கிலோவுக்குக் கீழே பிறக்கும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தாலே எடை குறைந்த குழந்தை என்றுதான் கணக்கு.

இடைவெளி விஷயத்தில் எங்கள் துறை மீதே எனக்கு வருத்தம் உண்டு. ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது இரண்டு வருஷம் கழித்துத்தான் அடுத்த கர்ப்பம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஏனென்றால் அதற்குள் தரித்தால் தாயின் உடம்பு தேறியிருக்காது, கைக்குழந்தைக்கும் பால் நின்றுபோகும், இரண்டு பிள்ளைக்கும் ஆபத்து. ஆனால் தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதனால் இங்கே நடப்பது என்னவென்றால் இருபது வயதில் ஒன்று, இருபத்தொன்றரையில் ஒன்று, உடனே ஆபரேஷன், கதை முடிந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை இரண்டுதான், அரசாங்கத்துக்குத் திருப்தி, ஆனால் அந்த இரண்டாவது பிள்ளை எந்த நிலைமையில் வயிற்றில் வளர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. இடைவெளி விட உதவுகிற காப்பர் டி, அந்தரா கருத்தடை ஊசி, சாயா கருத்தடை மாத்திரை எல்லாம் துணை சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும் முதல் பிள்ளை பெற்றவளிடம் அதைப் பேசினால் மாமியார் குறுக்கே வருவார், "காப்பர் டி வயித்துக்குள்ள மேல ஏறிடும்" என்பார். ஆபரேஷனுக்கு வைத்த இலக்கில் பாதியை இதற்கு வைத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்தது வயது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்குப் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் முடிந்திருக்கிறது என்கிறது அதே கணக்கெடுப்பு. பதினேழு வயதுப் பெண்ணின் உடம்பு அதன் வளர்ச்சியையே இன்னும் முடித்திருக்காது, வயிற்றுப் பிள்ளைக்கு அது எங்கிருந்து கொடுக்கும்? குறைமாதப் பிரசவம், எடைக்குறைவு, ரத்த அழுத்தம் எல்லாம் அங்கேதான் அதிகம். கல்யாணத்துக்குக் குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம், கர்ப்பத்துக்குப் போக்சோ என்கிற, குழந்தைகள் மீதான பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம். சட்டம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஊரில் நடப்பது இதுதான்: கர்ப்பத்தைப் பதிந்து எண் வாங்கப் போனால் ஆதாரைக் கேட்பார்கள், வயது தெரிந்தால் போலீஸ் வரும், புருஷன் ஜெயிலுக்குப் போவான் என்ற பயத்தில் அந்தப் பெண்ணை ஏழு மாதம் வரை வீட்டுக்குள்ளேயே மறைத்து வைப்பார்கள், ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, வேறு மாவட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கடைசியில் வலி எடுத்த பிறகு எந்தச் சீட்டும் இல்லாமல் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு வந்து இறக்குவார்கள். ஆபத்து அதிகம் உள்ள கர்ப்பிணி யாரோ அவள்தான் எங்கள் பதிவேட்டில் இருக்கமாட்டாள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது, பிறகு 18,000 ரூபாய் வரை வளர்ந்தது, அதில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். நாட்டுக்கே முன்மாதிரியான திட்டம், நான் எத்தனையோ பெண்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் யாருக்குக் கிடைக்கும்? பத்தொன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவமாக இருக்க வேண்டும். பதினெட்டு வயதுத் தாய்க்கும் இல்லை, நாலாவது பிள்ளை சுமக்கிற கூலிக்காரிக்கும் இல்லை. யாருடைய குழந்தை இறக்கும் வாய்ப்பு அதிகமோ அவர்களைப் பார்த்துப் பார்த்துக் கழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. இளவயதுக் கல்யாணத்தையும் அதிகப் பிள்ளையையும் ஊக்குவித்ததாக ஆகிவிடக்கூடாது என்பார்கள். இந்தப் பணத்துக்காக எந்தப் பெண்ணும் பதினேழில் கல்யாணம் செய்துகொண்டதை நான் பார்த்ததில்லை. தண்டனை தகப்பனுக்கும் போவதில்லை, தாலி எடுத்துக் கொடுத்த பெரியவர்களுக்கும் போவதில்லை, பெட்டகத்தில் இருக்கிற பேரீச்சம்பழத்தையும் இரும்புச்சத்து டானிக்கையும் வயிற்றுப் பிள்ளையிடமிருந்து பிடுங்குவதுதான் மிச்சம்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றியும் ஒரு வார்த்தை. அதே 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 கல்யாணம் ரத்த சொந்தத்துக்குள் நடக்கிறது, நாட்டிலேயே நாம்தான் முன்னால் இருக்கிறோம். தொற்றில் சாகிற குழந்தைகள் குறையக் குறைய, பிறவிக் குறைபாட்டால் சாகிறவர்களின் பங்கு மேலே தெரிய ஆரம்பிக்கிறது. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டாதே என்று சொன்னால் எங்களை அடிக்காத குறை, சொத்து வெளியே போய்விடுமே.

பிரசவம் முடிந்த முதல் ஒரு மணி நேரம். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பது என்பது ஒரு பைசா செலவில்லாத முதல் தடுப்பு மருந்து. 99.6 சதவீதம் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிற மாநிலத்தில் அது கிடைக்கிற குழந்தைகள் 60.2 சதவீதம்தான். எப்படி இந்த ஓட்டை விழுந்தது? ஒரு காரணம் சிசேரியன். நம் மாநிலத்தில் 44.9 சதவீதம் பிரசவம் ஆபரேஷன், தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8. தாய் மயக்க மருந்தோடு ஒரு பக்கம், குழந்தை துணியில் சுற்றி வராந்தாவில் பாட்டி கையில் ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்து யாராவது நல்ல மனுஷன் கையால் சேனை வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பார்கள், சில ஊரில் கழுதைப்பால்கூடத் தேடிப் போவார்கள். ஆபரேஷன் ஆன தாயும் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கலாம், பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்று குழந்தையை மாரோடு வைத்துப் பிடித்தால் போதும். ஆனால் ராத்திரி ட்யூட்டியில் ஒரே நர்ஸ் இரண்டு வார்டு பார்த்தால் யார் நிற்பது? எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைக்கிற கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்தது. இந்தியாவும் சேர்ந்த ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், பிறந்த உடனேயே அதைத் தொடங்கினால் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று 2021-இல் தெரிந்தது. நம் ஊரில் இன்னும் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால்தான் வைத்தியம் என்று நினைக்கிறார்கள், தாயை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் வீடு. மூன்றாவது நாளே குளிப்பாட்ட ஒரு பாட்டி வருவார். எண்ணெய் தேய்ப்பது, காலில் போட்டு உருட்டுவது வரை சரி, கதகதப்பான அறையாக இருந்தால் போதும். ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவதும், மூக்கை வாய் வைத்து ஊதிச் சளி எடுப்பதும், தொண்டைக்குள் விரலை விட்டு வழிப்பதும், சாம்பிராணிப் புகையில் காட்டுவதும் வேண்டவே வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. உரை மருந்து தேய்த்த தண்ணீரிலும் கொப்பூழில் வைக்கிற சாம்பலிலும் மஞ்சளிலும் கிருமி. குழந்தை பால் குடிக்கவில்லை என்றால் தொக்கம் எடுக்கவும் மந்திரிக்கவும் ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாள்தான் உயிர். பாட்டிகளைத் திட்டிப் பயனில்லை, அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினால் கேட்பார்கள், எங்கள் பக்கத்தில் பல பேர் கேட்டார்கள்.

இங்கேதான் எங்கள் வேலையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பெண் பதிவு செய்வது புருஷன் ஊரில், தலைப்பிரசவத்துக்குப் போவது தாய்வீட்டுக்கு, பிரசவம் மூன்றாவது ஒரு ஊர் ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரியில் பெற்ற குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று 2011 முதல் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. யார் போவது? புருஷன் ஊர் நர்ஸ் "அந்தப் பொண்ணு இங்க இல்லையே" என்பார், தாய்வீட்டு ஊர் நர்ஸ் "அது வெளியூர்லேர்ந்து பிரசவத்துக்கு வந்த பொண்ணு, என் பதிவேட்டில் இல்லை" என்பார், இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எங்கள் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகிற குடும்பங்களுக்கு இந்த இரண்டு ஊர் நர்சும் கிடையாது. இந்த வீட்டுக்கு வந்து பார்க்கிற முறை சும்மா சடங்கு கிடையாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பாங், ராணி பாங் தம்பதி 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீட்டிலேயே குழந்தையைப் பார்க்கச் செய்தார்கள், பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது. 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. அங்கே ஆஸ்பத்திரிகூடப் பக்கத்தில் இல்லை. நாம் ஆஸ்பத்திரியும் வைத்துக்கொண்டு அந்த வேலையைக் காகிதத்தில் டிக் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

தாய் படித்தவளாக இருந்தால் பிள்ளை பிழைக்கிறது என்று எல்லாக் கணக்கெடுப்பும் சொல்கிறது. போஸ்டரைப் படிப்பதால் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு "குழந்தைக்கு நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குது, நான் 108-க்குப் போன் பண்றேன்" என்று மாமியாரைக் கேட்காமல் எழுந்திருக்கிற தைரியம் அந்தப் பெண்ணுக்குத்தான் வருகிறது. சாலையும் வேண்டும், அது வேறு விஷயம். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைத் தாய் கையில் தூக்கிக்கொண்டு மலையேறியதை நீங்களே போட்டீர்கள். ஜவ்வாது மலையில் இன்றும் வண்டி போகாத ஊர் உண்டு.

ஒரு மாதம் தாண்டிய பிள்ளைகளுக்கு ஆபத்து நிமோனியா, வயிற்றுப்போக்கு, நடக்க ஆரம்பித்த பிறகு தண்ணீர்த் தொட்டியிலும் வாளியிலும் விழுவது. 2017-இல் வயிற்றுப்போக்கைத் தடுக்கிற ரோட்டா தடுப்பு மருந்தும் 2021-இல் நிமோனியாவைத் தடுக்கிற நிமோகாக்கல் தடுப்பூசியும் அரசுப் பட்டியலில் வந்தது பெரிய உதவி. வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும் போதும் என்று தெரிந்தும் மருந்துக் கடையில் முதலில் கைக்கு வருவது ஆன்டிபயாட்டிக்தான்.

சரி, நான் உங்களிடம் கேட்பது என்ன? அந்தச் செய்தியை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. தாயின் பெயரையும் தெருவையும் எடுத்துவிட்டு, எடை, வாரம், தாயின் வயது, இடைவெளி, எத்தனை நாளாகப் பால் குறைந்தது, யார் கடைசியாக வந்து பார்த்தார்கள் என்பதைப் போடச் சொல்லுங்கள். குழந்தை சரியாகச் சப்பவில்லை, வயிறும் பாதமும் சில்லென்று இருக்கிறது, நிமிஷத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு விடுகிறது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், கொப்பூழில் சீழ், இதில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்புங்கள் என்று செய்திக்குக் கீழே ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள், ராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதி போதும். ஒவ்வொரு சிசு மரணத்துக்கும் துறையில் விசாரணை நடத்திக் காரணம் எழுதுகிறார்கள், 2014 முதல் மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. பெயர் வேண்டாம், இந்த மாதம் எத்தனை குழந்தை, என்னென்ன காரணம், அதில் எத்தனை பேரின் வீட்டுக்கு மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் யாராவது போனார்கள் என்று மாவட்ட சுகாதார அலுவலரிடம் மாதா மாதம் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். தராவிட்டால் தரவில்லை என்று அதையே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.